உடைக்கிற அக்கா

சைக்கிளின் கைப்பிடிக் கம்பியை அக்கா நாணயத்தின் விளிம்பால் மெல்லத் தட்டுகிறார். காதைக் கம்பியோடு ஒட்டி வைத்துக்கொள்கிறார். ஒரு விரற்கடை தள்ளி மறுபடி தட்டுகிறார். 'டிக், டிக்' என்று வந்த ஓசை ஓரிடத்தில் 'தொப்' என்று மட்டுப்பட்டால், "இங்கதான் உள்ளுக்குள்ள அடுக்கு ஒட்டல, பாருங்க" என்பார். பார்க்க ஒன்றும் இருக்காது. வெளியே எல்லாம் ஒரே பளபளப்பு.

பொய்ப்பல் செய்வது அவர் தொழில். விடுமுறை நாளில், வீட்டுப் பின்புறக் கொட்டகையில், மலிவான கார்பன் ஃபைபர் சைக்கிள் உறுப்புகளை உடைத்துப் பார்ப்பார். இணையத்தில் பாதி விலைக்கு வாங்கியவர்கள், ஓட்டிப் பார்க்கப் பயந்து, அதே சாமானில் இன்னொன்றை வாங்கிவந்து இவரிடம் கொடுப்பார்கள். 'உடைக்கிற அக்கா' என்றால் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இரும்புச் சட்டத்தில் இறுக்கிவிட்டு ஜாக்கியால் அழுத்தத் தொடங்குவார். "இரும்புன்னா வளைஞ்சு காட்டும். இது வாயே திறக்காது. ஒடஞ்ச பிறகுதான் தெரியும்." படாரென்று உடையும்போது வந்தவர்கள் துள்ளிவிடுவார்கள். அக்கா மட்டும் கண் சிமிட்டமாட்டார். "ம்... போச்சு" என்பார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருக்கும்.

அவருடைய தம்பி பாலத்து இறக்கத்தில் சைக்கிளோடு விழுந்து இறந்தான். பக்கத்தில் ஹேண்டில் பார் இரண்டு துண்டாகக் கிடந்தது. உடைந்ததால் விழுந்தானா, விழுந்ததால் உடைந்ததா? யாராலும் சொல்ல முடியவில்லை. துண்டுகளையும் யாரோ குப்பையோடு அள்ளிவிட்டார்கள். "அவன் வேகம்தான் அவனைக் கொண்டுபோச்சு" என்று அம்மா சொன்னால் அக்கா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவார். "செத்தவன் மேல பழி போடாதம்மா. அந்தக் கம்பிதான்."

அதே மாதிரி ஹேண்டில் பாரை அவர் தேடாத இடமில்லை. தம்பிக்கு விற்றவன் கடையையே மூடிவிட்டிருந்தான். போன மாதம் ஒரு பேருந்து ஓட்டுநர், மகளுக்காக எங்கோ வாங்கிய இரண்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். உறையைப் பிரித்ததும் தம்பியுடையதில் இருந்த அதே சிவப்புக் கோடு, அதே வளைவு. அக்கா அதைச் சட்டத்தில் ஏற்றினார்.

மற்றவையெல்லாம் உடையும் அளவை அழுத்தமானியின் முள் தாண்டியது. நிறுத்தி, திருகுகளைச் சரிபார்த்து, மறுபடி அழுத்தினார். ஜாக்கி அதற்குமேல் ஏறவில்லை. கம்பி அப்படியே நின்றது.

"நல்ல சாமான்தான் போல! இன்னொண்ண பொண்ணு சைக்கிள்ல மாட்டிடலாமாக்கா?" ஓட்டுநரின் முகமெல்லாம் சிரிப்பு.

அக்கா முள்ளை இன்னொரு முறை பார்த்தார்.

"இது நின்னுடுச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுவும் நிக்கும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது. மாட்டாதீங்கண்ணா."

ஓட்டுநர் தலையாட்டினார். "அப்ப இத நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னடி, சத்தமே கேக்கல? ஒடையலையா?"

அக்கா ஜாக்கியை இறக்கினார்.

திருகுகளைத் தளர்த்திக் கம்பியைக் கழற்றினார். பாலத்து இறக்கத்தில் சைக்கிள் ஓட்டுபவர் போல அதை இரு கையாலும் பற்றி, முதுகை வளைத்து, முன்னால் குனிந்தார். அப்படியே நின்றார். பிறகு விரல்களை நீட்டி, அங்கே இல்லாத பிரேக்கை இறுக்கிப் பிடித்தார்.