நிமிர வேண்டிய கம்பி

சாலை பஜாரில் நான் ஏறி இறங்காத இரும்புக் கடை இல்லை. மாதிரி விமானத்தின் காலுக்குக் கம்பி வேண்டும் என்று ஒரு பெண் கேட்டால் எல்லாக் கடையிலும் ஒரே கேள்விதான் வரும். பையனுக்கா? எனக்குப் பையன் இல்லை. விமானம் என்னுடையது. கரமனையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பால்சா மரத்தை அறுத்து ஒட்டி நானே செய்தது. மற்ற நாட்களில் தம்பானூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ரிமோட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய் விமானம் விடுகிறேன். இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

கம்பி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் என் கோபம் புரியாது. விமானத்தின் உள்ளே இருக்கிற சின்ன மோட்டாரிலிருந்து வாலுக்கு ஒரு கம்பி போகும். அதைப் புஷ்ராடு என்போம். அது தள்ளும்போது வில்லாக வளையக் கூடாது, நேராக நிற்க வேண்டும். நான் அதற்கு சைக்கிள் ஸ்போக் போடுகிறேன், ஒரு குறையும் இல்லை. சக்கரம் மாட்டுகிற காலுக்கு அது உதவாது. விமானம் இறங்கும்போது அந்தக் கால் விரிய வேண்டும், அடியை வாங்க வேண்டும், உடனே பழைய இடத்துக்கு வர வேண்டும். அப்படிச் செய்வது ஸ்பிரிங் கம்பி மட்டும்தான். மற்ற கம்பி எல்லாம் வளைந்தால் வளைந்த இடத்திலேயே கிடக்கும்.

கடைசியாக ஒரு கடையில் கிடைத்தது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"கான்கிரீட் கெட்டுற கம்பியாக்கா? வேலிக்கா?"

"ரெண்டும் இல்ல. வளைச்சா திரும்ப நிமிரணும்."

"நிமிரதுக்கு எதுக்குக்கா வளைக்கணும்? சும்மா வச்சிருந்தா நேராத்தான இருக்கும்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பின்னால் ஆணியில் தொங்கிய சுருளைக் காட்டி எடுக்கச் சொன்னேன். நுனியைப் பிடித்து வளைத்தேன்.

"வளைச்சுப் பாத்தா எடுத்துக்கிடணும், கேட்டேளா?" என்றார்.

விட்டேன். கம்பி டக்கென்று திரும்பி அவர் மேசையில் இருந்த டீ கிளாசைத் தட்டிவிட்டது. "இதுதான்" என்றேன். கிளாசுக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டார்.

மூன்று மில்லி கனக் கம்பி. அதை அறுக்க எந்தக் கட்டிங் பிளையரும் போதாது, பிளையரின் பல்தான் போகும். அரத்தால் ராவிக் கோடு போட்டு ஒடித்தேன். வளைப்பதற்குச் சூடு காட்டவே கூடாது. வைஸ் என்கிற இடுக்கியில் ஓர் இரும்புக் குழாயை இறுக்கி, அதைச் சுற்றி, பச்சைக் கம்பியாகவே உடல் பலத்தால் வளைத்தேன். ஒரு வாரம் தோள்பட்டை வலித்தது. கால் இரண்டும் முழுக்க ஒரே மாதிரி வரவில்லை. சுருளில் கிடந்த கம்பிக்குக் கொஞ்சம் வளைவு எப்போதும் இருக்கும். விமானத்தைத் தரையில் வைத்தால் இடது இறக்கை ஒரு விரல் தாழ்ந்து நிற்கும். பறப்பதற்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

இனி மைதானம். ஊருக்கு வெளியே, வெட்டுக்கல் தரை, ஓரத்தில் ரப்பர் மரங்கள். ஞாயிறு காலை அங்கே கூடுகிற கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். அங்கே ஒரு விதி உண்டு. சேதமில்லாமல் சுத்தமாக இறக்கிக் காட்டும்வரை பக்கத்தில் ஒருவர் இன்னொரு ரிமோட்டோடு நிற்பார். இறக்கிக் காட்டினால்தான் தனியாக விட அனுமதி. எனக்குப் பின்னால் சேர்ந்த ஆண்கள் எல்லாரும் அனுமதி வாங்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு வருஷமாக ஏதாவது ஒரு குறை சொல்லப்பட்டது. நான் சொந்தமாகச் செய்த இந்த விமானத்தில் அதை வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அனுமதி கொடுப்பவர் ஓய்வு பெற்ற ஒரு இன்ஜினியர். மைதானத்துக்கு அடுத்த வீடு அவருடையது. பெரிய விமானங்களை அவர் வீட்டுக் கொட்டகையில்தான் வைப்போம், என்னுடையதும் அங்கேதான் இருந்தது. மற்றவர்களிடம் அவர் மலையாளம் பேசுவார். என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார், எனக்கு மலையாளம் புரியாது என்பதுபோல. வீட்டில் தமிழ் பேசினாலும் நான் பிறந்தது இந்த ஊர். படித்தது மலையாளப் பள்ளிக்கூடம்.

அந்த ஞாயிறு நான் போனபோது விமானம் வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு இறக்கையும் சமமாக நின்றன. கால் கம்பிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது.

"லெஃப்ட் கொஞ்சம் தாழ்ந்நு இருந்ததல்லே மேடம். நான் சரியாக்கி வச்சு."

"என்னைக் கேக்காமயா சார்?"

"இதுக்கென்ன கேக்க? மேடத்துக்குக் கஷ்டம் வேண்டாம்னு செஞ்சது."

சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள், என் முறை வந்திருந்தது. ஏற்றினேன். விமானம் நன்றாகத்தான் பறந்தது. இரண்டு வட்டம் சுற்றிவிட்டு, காற்றுக்கு எதிராக, எப்போதும் இறக்குகிற மாதிரியே இறக்கினேன். சக்கரம் தரையைத் தொட்டதும் இரண்டு காலும் தவளைக் கால் மாதிரி விரிந்தன. விரிந்தவை திரும்பவில்லை. வயிறு தரையில் உரசி, புரொப்பல்லர் ஒடிந்து, அடிப்பலகை வாய் பிளந்தது.

"ஃப்ளேர் லேட்டாயி மேடம்" என்றார் அவர். கடைசி நொடியில் மூக்கை உயர்த்துவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். "இன்னும் படிக்கணும். சாரமில்ல." பரவாயில்லை என்பதற்கு மலையாளம் அது.

வீட்டுக்கு வந்து பெயின்டைச் சுரண்டினேன். உள்ளே கம்பி நீலம் பாரித்துக் கிடந்தது. வளைவுகளில் கரி மாதிரிப் பொருக்கு. மனிதர் காஸ் டார்ச் வைத்துச் சிவக்கப் பழுக்கவைத்து, பிறகு சௌகரியமாக நிமிர்த்தியிருக்கிறார். பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால் ஸ்பிரிங் கம்பியின் விறைப்பு போய்விடும். பிறகு அதற்கும் வேலிக்கம்பிக்கும் வித்தியாசம் இல்லை. கெடுத்ததோடு நிற்காமல் மேலே பெயின்டும் அடித்திருக்கிறார். அன்று நான் திட்டியதை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு இரண்டு துண்டுக் கம்பியோடு போனேன். ஒன்று அவர் சூடாக்கியது. மற்றது அதே சுருளில் மிச்சம் இருந்தது. எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், இத வளைச்சுப் பாருங்க."

சூடாக்கியதை வளைத்தார். வளைந்தது, அப்படியே நின்றது. "நல்லா வளையுதே" என்றார்.

"இப்ப இது."

வளைத்து விட்டதும் அது துள்ளி அவர் விரலில் அடித்தது. கையை உதறினார்.

"இது முரட்டுக் கம்பி மேடம். சூடாக்காதெ வளைச்சா பொட்டி ஒடிஞ்சு போகும். நான் எத்தனை பாலம் கெட்டியிருக்கேன் தெரியுமோ?"

"பாலம் தரையில இறங்காது சார்."

ஒருவர் டீயைத் துப்பிவிட்டார். இன்ஜினியர் சிரிக்கவில்லை. தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. "மேடத்துக்கு லேண்டிங் வராததுக்குக் கம்பி என்ன செய்யும்?" என்று மற்றவர்களைப் பார்த்து மலையாளத்தில் கேட்டார். அவர்களில் ஒருவர்கூட அந்தக் கம்பியைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லவேண்டி வருமே என்ற பயம்.

விமானத்தை ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வால் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. அடிப்பலகையை மாற்றினேன். திரும்பவும் குழாய், திரும்பவும் தோள்வலி. இந்தத் தடவையும் இடது கால் கொஞ்சம் கோணல்தான். வேண்டுமென்றே அப்படியே விட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் விமானத்தை வைக்கவே இல்லை.

மறுபடி மைதானத்தில் ஏற்றினேன். மழை விட்ட காலை, தரை ஈரமாக இருந்தது. அதே இரண்டு வட்டம், காற்றுக்கு எதிராக அதே இறக்கம். என் கையில் எந்த மாற்றமும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். சக்கரம் தொட்டது. கால் விரிந்தது, கூடியது. விமானம் லேசாக ஒரு குதி குதித்து, இடது இறக்கையை ஒரு விரல் தாழ்த்திக்கொண்டு ஓடி நின்றது.

கை தட்டினார்கள். இன்ஜினியர், என் பக்கத்தில் நின்ற ஆளிடமிருந்து இன்னொரு ரிமோட்டை வாங்கி அணைத்தார். இனி நான் தனியாக விடலாம் என்று அதற்கு அர்த்தம்.

"கண்டோ மேடம், நான் சொன்னபோல ஃப்ளேர் பண்ணினா சரியாச்சு."

எனக்கு வாயில் வந்தது எல்லாம் தமிழ் வசவு. விழுங்கிக்கொண்டேன். விழுங்கியதற்கு இப்போதும் வருத்தப்படுகிறேன். ஒரு வருஷம் காத்து வாங்கிய அனுமதியை அந்த ஆள் தன் பாடத்துக்குக் கிடைத்த பரிசாக மாற்றி எடுத்துக்கொண்டார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், ஏதோ பேங்கில் மேனேஜர். நல்ல விமானம். கால் கம்பியும் அசல் ஸ்பிரிங் கம்பி, நான் விரலால் அமுக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு இருந்தது. இன்ஜினியர் குனிந்து பார்த்துவிட்டு, இங்கே வைத்துவிட்டுப் போங்கள், சரியாக்கி வைக்கிறேன் என்றார்.

"குடுக்காதீங்க" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படியாக. "சூடாக்கிக் கெடுத்துருவாரு."

மேனேஜர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். விமானத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். போகும்போது என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "சார் இன்ஜினியர் அல்லே மேடம், அவருக்குத் தெரியாமெ இருக்குமோ?"

வரும் ஞாயிறு அது பறக்கப் போகிறது. நான் சீக்கிரமே போய்விடுவேன். மிச்சம் இருக்கிற, சூடு படாத அந்தத் துண்டுக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அது இறங்குகிற இடத்தில் நிற்பேன். ஃப்ளேர் லேட்டாயி என்று யார் வாயிலாவது வரட்டும்.