அம்மா முகத்தில் வந்த சித்தி

அம்மா பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் அவள் முகத்தில் தவிட்டு நிறப் புள்ளிகள் தெரியத் தொடங்கின. முதலில் இடது நெற்றியோரம் ஒன்று. பிறகு கன்ன எலும்பின் மேல் சில. புறங்கைகளிலும் வந்தன. "மங்கு விழுந்திருக்கே டீச்சர்" என்று மாடவீதியில் பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். சந்தனம், கசகசா, எலுமிச்சைச் சாறு என்று ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்தாள். எலுமிச்சை எரிந்ததுதான் மிச்சம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தி.நகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால் சந்துக்குச் சந்து பியூட்டி பார்லர்கள் முளைத்துக்கொண்டிருந்தன. அப்படி ஒன்றில் அம்மாவுக்கு ஒரு கிரீம் கொடுத்தார்கள். வெள்ளை டப்பா. மேலே பெயரோ லேபிளோ கிடையாது.

"படுக்கப் போகும்போது போட்டுக்குங்க ஆன்ட்டி. ஒரே மாசத்துல பாருங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

அவள் சொன்னபடியே புள்ளிகள் மறைந்தன. ஆனால் அதோடு நிற்கவில்லை. முகம் முழுவதும் வெளுத்தது, கன்னங்கள் லேசாக உப்பின. மாநிறமாக இருந்த அம்மா கழுத்துக்கு மேல் மட்டும் சிவப்பாகிவிட்டாள்.

ஒரு நாள் காலையில், காபி டம்ளரோடு கூடத்துக்குப் போன அப்பா, ஜன்னலருகே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். காபி ஆறும்வரை நின்றார். பிறகு சமையலறைக்குத் திரும்பி வந்து என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "உன் சித்தி வந்து உக்காந்திருக்கற மாதிரியே இருக்கும்மா."

சித்தி அம்மாவின் தங்கை. நான் சிறுமியாக இருந்தபோதே மஞ்சள் காமாலையில் இறந்துபோனவள். இருவருக்கும் ஒரே முகவெட்டு. சித்தி நல்ல சிவப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது அதுவும் இல்லை. அப்பா சொன்ன பிறகு என் கண்ணுக்கும் அது தெரியத் தொடங்கிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா நிலைப்படியில் வந்து நின்றால், வாய் திறந்து பேசும்வரை எனக்கு யாரென்று உறுதியாகாது.

அந்த வாரம் கபாலி கோயில் குளத்தருகே பூ வாங்க அம்மாவோடு போனேன். பல வருடம் சைதாப்பேட்டையில் மகள் வீட்டில் இருந்துவிட்டு, பழைய இடத்துக்கே திரும்பி வந்திருந்தாள், சித்தி இருந்த காலத்தில் அக்கா தங்கை இருவருக்கும் பூக் கொடுத்த ஒரு பூக்காரக் கிழவி. கண்ணில் புரை விழுந்திருந்தது. அம்மாவைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

"தங்கச்சிதானே நீ? உன்னப் பாத்து எத்தினி வருசமாச்சு!"

அம்மா சிரித்தாள். மறுக்கவில்லை.

"உங்கக்கா, அந்த டீச்சரம்மா, அது எப்டி கீது?"

"அக்கா போய்ச் சேந்துட்டா" என்றாள் அம்மா.

கிழவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உச்சுக் கொட்டினாள். அம்மா பூவை வாங்கிக்கொண்டு நடந்தாள். தெரு திரும்பியதும் அவள் கையைப் பிடித்தேன். "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"அவளும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். அவ்வளவு சாதாரணமாக.

அதன்பின் சாயங்காலங்களில் தனியாகவே பூ வாங்கப் போனாள். ஒரு முறை உள்ளறையில் "எப்போ வந்தே?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. விருந்தாளி யாரோ என்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் அம்மா மட்டும்தான் இருந்தாள், விரல் நுனியில் கிரீமோடு.

கோடை பிறந்ததும் முகம் எரியத் தொடங்கியது. தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, அடியில் சிவப்பு நரம்புகள் இழை இழையாகத் தெரிந்தன. மொட்டை மாடியில் துணி காயப்போட்டு வந்தாலே துடித்துப்போவாள். அப்பா பிடிவாதமாக அடையாறில் இருந்த தோல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனார். நானும் போனேன். மருத்துவர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க. இன்னும் என்னென்ன இருக்கோ. தொடாதீங்க" என்றார். லென்ஸ் வைத்துப் புறங்கைப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதெல்லாம் வயசுலயும் வெயில்லயும் வர்றது. பயமில்லை. இடது பக்கம்தான் ஜாஸ்தின்னு சொல்றீங்களே, பஸ்ல ஜன்னல் பக்கமா உக்காருவீங்களா?"

வேலைக்குப் போன காலமெல்லாம் அம்மா அப்படித்தான் உட்கார்ந்து போனாள்.

எரிச்சலுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். வெளியே போனால் குடை, முழுக்கை ரவிக்கை, முகத்துக்கும் கைக்கும் வெயில் தாங்கும் கிரீம். ஏதாவது புள்ளி பெரிதானால், ஓரம் கோணலானால், ரத்தம் கசிந்தால் உடனே வரச் சொன்னார். தோல் தேறிய பிறகு, வேண்டுமானால் சில புள்ளிகளை உறைய வைத்து எடுக்கலாம், ஆனால் நம் நிறத்துக்கு வெள்ளைத் தழும்பு விழலாம் என்றும் எச்சரித்தார்.

முகம் தேற மாதக்கணக்கானது. அதுவரை அம்மா வாசல் தாண்டவில்லை. பழைய நிறம் திட்டுத்திட்டாகத் திரும்பியது. அதோடு புள்ளிகளும் வந்தன, முன்னைவிடக் கறுப்பாக. சித்தியின் சாயல் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கடைசியில் ஒரு நாள், "அந்தக் கிழவிகிட்ட உண்மையைச் சொல்லிடணும்" என்று கிளம்பினாள். நானும் போனேன்.

கிழவி நிமிர்ந்து பார்த்ததும் கையிலிருந்த சரத்தைப் போட்டுவிட்டாள். "டீச்சரம்மா! நீ செத்துட்டேன்னு உன் தங்கச்சி சொல்லுச்சே!"

"அது நான்தான். மருந்து போட்டு மூஞ்சி மாறியிருந்துச்சு. என் தங்கச்சி செத்து ரொம்ப வருஷமாச்சு."

கிழவி தலையை ஆட்டினாள். "நீயா? அப்ப நேத்து வந்து மல்லி வாங்கிக்கினு போச்சே, அது யாரு?"

கண் தெரியாத கிழவி என்று வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழையுமுன் அம்மா ஒரு முறை தெருவைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த முறை அடையாறுக்குப் போனபோது மருத்துவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தோல் நன்றாகத் தேறிவிட்டது, கன்னத்துப் புள்ளிகளை இப்போது எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

"வேண்டாம் டாக்டர், அதுங்க இருக்கட்டும்" என்றாள் அம்மா அவசரமாக. "இனிமே புதுசா வராமப் பாத்துக்கறேன்."