அண்ணன் வாங்கிக் கொடுத்த கார் கம்பெனி வாட்ச்

எங்கள் அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுதுவேன் என்று அண்ணியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு அழகாக எழுத வராது. ஆனால் ஒரு விஷயத்தை உறவினர்கள் எல்லாருக்கும் தெரியும்படி நான் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், சாரம் பகுதியில் பிறந்தார். அப்பா மில் தொழிலாளி. அண்ணனுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது அப்பா இறந்துவிட்டார். நான் அப்போது கைக்குழந்தை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த அண்ணன் படிப்பை விட்டுவிட்டு உப்பளம் பகுதியில் ஒரு கார் ரிப்பேர் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவும் நானும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம்.

ஊரில் அப்போது ஓடிய பிரெஞ்சுக் கார்களில் ஒரு கம்பெனியின் வண்டி கெட்டுப்போனால் அண்ணனைத்தான் தேடி வருவார்கள். அந்தக் கம்பெனியின் பிரெஞ்சுப் புத்தகத்தை வரி வரியாகப் படித்து வைத்திருந்தார். எதையும் பிரித்துப் பார்க்காமல் நல்லது என்று சொல்ல மாட்டார். டப்பாவில் வந்த புதுப் பாகத்தைக்கூடக் கழற்றி, விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் வண்டியில் மாட்டுவார். கை சுத்தம். குடி கிடையாது. யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அழைப்பில் பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டுவது எங்கள் வழக்கம். சாதாரண வாட்ச் போதாது என்றார்கள். என் கணவரின் பெரியப்பா மகன் பிரான்சில் சொல்தா, அதாவது ராணுவக்காரர். லீவில் வந்தவர் கையில் ஒரு வாட்ச் கட்டியிருந்தார். அதன் முகத்தில் அண்ணன் பழுது பார்க்கும் அதே கார் கம்பெனியின் பெயரும் சின்னமும் இருந்தன. அதைப் போலவே ஒன்று வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். அவர்கள் மட்டும் இல்லை, நானும் கேட்டேன்.

அம்மாதான் பயந்தார். "அவ்ளோ வெலையாமேடா. நல்லா யோசிச்சிக்க."

"அந்தக் கம்பெனி என்ஜின இருவது வருஷமா பிரிக்கறேம்மா. ஒரு நட்டுல கூட ஏமாத்தினதில்ல. வாட்ச்ல மட்டும் ஏமாத்துவானா?" என்றார் அண்ணன்.

வேறு யாராக இருந்தாலும் நாலு கடையில் விசாரித்திருப்பார்கள். அந்தக் கம்பெனியைத் தெரிந்தவர் என்பதால்தான் அண்ணன் ஏமாந்தார். அவர் வாழ்க்கையில் பிரித்துப் பார்க்காமல் நம்பியது அந்த ஒன்றைத்தான். பிரான்சுக்காரர் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சொல்தாவே வாட்சைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் என் கணவர் கையில் கட்டினார்.

எட்டு மாதத்தில் நின்றுவிட்டது. "மச்சான், உங்க காரு நின்னுபோச்சி. எறங்கித் தள்ளணுமா?" என்று என் கணவர் கிண்டல் செய்தார். மூன்று பேருமாக டவுனில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் பின்மூடியைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னாங்க, இந்த மெஷினா? அதோ கண்ணாடிக்குள்ள தொங்குது பாருங்க, அதுலயும் இதேதான். வெல பத்துல ஒரு பங்குகூட வராது."

"அதையும் தெறந்து காட்டுங்க" என்றார் அண்ணன்.

திறந்து பக்கத்தில் வைத்தார். அண்ணன் லென்சைக் கண்ணில் வைத்து இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார், மறுபடியும் இதைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. அப்பா இறந்த அன்றுகூட அவர் அப்படி ஆகவில்லை என்று, வீடு திரும்பியதும் அவர் முகத்தைப் பார்த்த அம்மா சொன்னார்.

"அப்ப அந்தக் கம்பெனி இதுல இன்னா செஞ்சுது?"

"பேரக் குடுத்துதுங்க."

அப்போதும் அண்ணன் நம்பவில்லை. கார் கம்பெனிக்கே பிரெஞ்சில் கடிதம் போட்டார். பதில் வந்தது. நாங்கள் கார் மட்டுமே செய்கிறோம், வாட்சைச் செய்வது வேறொருவர், எங்கள் பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறோம், பழுது என்றால் விற்றவரைக் கேளுங்கள். இதை எங்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தார். அதற்குப் பிறகு அந்த வாட்சைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

வருஷங்கள் போயின. அண்ணனோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் சொந்த ஷெட் போட்டார்கள். அண்ணன் மட்டும் அதே முதலாளியிடம் இருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. என் மகள் காதுகுத்தில் ஷெட் முதலாளி உட்படப் பந்தியில் உட்கார்ந்திருந்த எல்லார் முன்னாலும் சொன்னேன். "எங்கண்ணனுக்குக் கை இருக்கு, தைரியம்தான் இல்ல. சாவற வரைக்கும் அடுத்தவன் ஷெட்டுதான்."

அண்ணன் சிரித்தார். "ஆமா பாப்பா, போர்டு மாட்ட பயம்."

சென்ற ஆண்டு ஒரு காலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். பதினோரு மணிக்கு ஷெட்டிலிருந்து ஆள் வந்தது. ஒரு வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே சாய்ந்துவிட்டாராம். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நான் வாயால் சொன்னபடியே அடுத்தவர் ஷெட்டில் செத்தார். இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிரான்சுக்காரரும் வந்திருந்தார். என் கணவரிடம் கையை நீட்டி வாட்சைக் காட்டினார். "புது மாடல்பா. ரேஸ் காரு பேரு போட்டது. வேணும்னா சொல்லு, அடுத்த லீவுல கொண்டாறேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷெட் முதலாளி எழுந்துவிட்டார். அதிகம் பேசாத மனிதர். "அந்தப் பேச்ச இந்த ஊட்ல பேசாதீங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தைரியம் இல்லன்னு சொன்னியேம்மா. எங்க ஷெட்டுக்குப் பக்கத்து எடத்த, சொந்த ஷெட்டு போட உங்கண்ணனுக்குன்னு பேசி முடிச்சி, போர்டுகூட எழுதியாச்சி. உங் கல்யாணத்துக்கு முன்னால வந்து, வேணாங்க, அட்வான்ஸ திருப்பி வாங்கிக் குடுங்கன்னாரு. அந்தப் பணந்தான் உம் புருஷன் கையில கட்டின வாட்ச்சு. பாப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. இனிமே யாருக்காக மறைக்கறது?"

அண்ணியைப் பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் இத்தனை வருஷம் நான் வரும்போதெல்லாம் எனக்குச் சோறு போட்டிருக்கிறார். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கார் கம்பெனி பெயர் போட்ட வாட்ச் வாங்கலாமா என்று நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போதும் கேட்கிறார்கள். வாங்காதீர்கள். கார் செய்தவன் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டான். அந்தப் பெயர் கையில் இருந்தே தீர வேண்டும் என்றால் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிக்கொள்ளுங்கள். மச்சானிடம் கேட்காதீர்கள். இதைப் படித்து என் புகுந்த வீட்டார் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அன்று அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஷெட் ஆட்களுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், உண்மையைச் சொன்ன முதலாளிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

காதுகுத்தில் நான் பேசியதைக் கேட்டவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். கூடச் சிரித்தவர்களும் உண்டு. அன்று நான் சொன்னது பொய். எங்கள் அண்ணனுக்குத் தைரியம் இருந்தது. இடமும் இருந்தது. அதை இல்லாமல் செய்தது நான்.