மஞ்சள் கல் வைத்தவள்

ஓசூர் சிப்காட்டில், வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வீரலட்சுமிக்குப் பதினாலு வருஷமாக ஒரே வேலை: பார்ப்பது. பிரேக்குக்குப் போகும் இரும்பு வளையங்கள் லைனில் வந்துகொண்டே இருக்கும். முடி அகலத்துக்குக் கீறல் இருந்தாலும் பொறுக்கி எடுத்துவிடுவாள். நல்லதற்குப் பச்சை மை, கழிவுக்குச் சிவப்பு. சந்தேகம் என்றால் மஞ்சள். மஞ்சள் பட்டதை மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. "கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கு இந்தக்கா" என்று லைனில் கேலி பேசுவார்கள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவளுக்கு அந்தக் கேலியில் பெருமைதான். ஏன் இருக்கக்கூடாது?

அப்படிப்பட்டவள் ஒரு முட்டையை மிதித்து உடைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனி ஆட்களோடு காவிரிக்குச் சுற்றுலா போனபோது நடந்தது. அஞ்செட்டிக்கு அப்பால், ஆற்று நடுவே கிடக்கும் மணல் திட்டில் நடந்துகொண்டிருந்தாள். செருப்புக்கடியில் 'நொறுக்'கென்றது. காலைத் தூக்கிப் பார்த்தால் கரு வழிந்து கிடக்கிறது. கூடு என்று ஒரு குச்சி கிடையாது. மணலில் கையகலப் பள்ளம், அதில் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட இன்னும் இரண்டு முட்டை. ஆற்று ஆலாப் பறவைகள் தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தித் தீர்த்தன. கோடையில் தண்ணீர் வற்றித் திட்டு வெளியே தெரிகிற கொஞ்ச நாளைக்குள் அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தாக வேண்டும் என்பதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கீறல் தெரிகிற கண்ணுக்கு முட்டை தெரியவில்லை.

அடுத்த கோடையிலிருந்து ஞாயிறு தவறாமல் பஸ் ஏறினாள். "ஆத்துல அப்படி என்னத்தத் தொலைச்ச?" என்றார் கணவர் செல்வம். ஒரு வருஷம் சும்மா பார்த்தாள். மாடும் மனிதரும் மிதித்தே பாதி முட்டை போயிற்று. மறு வருஷம் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பை நிறையக் கூழாங்கல், ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட். ஒவ்வொரு கூட்டுக்கும் இரண்டடி தள்ளி ஒரு மஞ்சள் கல். மஞ்சள் என்றால் தொடாதே!

கரையிலிருக்கும் ஊரைச் சேர்ந்த கெம்பம்மா, திட்டைத் தாண்டியுள்ள புல்மேட்டுக்குத் தினமும் மாடு ஓட்டுகிறவள். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், மாட்டோடு இரண்டும். "ஏன்க்கா, பொங்கலுக்கு மாட்டுக் கொம்புல வைக்காம விட்ட பெயின்டா?" என்று கிண்டலடித்தாலும் கல்லுக்குக் கல் ஒதுக்கித்தான் மாட்டை ஓட்டினாள். அந்த வருஷம் ஒரு கூடுகூட மிதிபடவில்லை. வனத்துறையிலிருந்து வந்து பார்த்த வனவர் ராஜ்குமாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அடுத்த வருஷமும் நல்லா வந்துச்சுன்னா, ஆறு நெடுக எல்லாத் திட்டுலயும் இதே மாதிரி வெச்சிடலாம்மா. நானே வந்து பாக்கறேன்" என்றார். வீரலட்சுமிக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த வருஷம் முப்பத்தோரு கூடு. இருபத்திரண்டுக்குக் கல் வைத்ததும் பெயின்ட் தீர்ந்துவிட்டது. திட்டு குறுகும் வால்பக்கத்து ஒன்பதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த வாரம் வந்து பார்த்தால் பன்னிரண்டு கூடு காலி. குளம்படி இல்லை, காலடியும் இல்லை. வனவர் வர ஒரு வாரம்தான் பாக்கி. காலடியைக் கலைத்துவிட்டு யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றே அவளுக்குத் தோன்றியது. கரைக்கு வந்து கெம்பம்மாவைப் பிடித்தாள்.

"உங்க ஊருக்காரவுகதான எடுத்துட்டுப் போறாக? உள்ளதச் சொல்லுடி."

கெம்பம்மா கையிலிருந்த கோலைக் கீழே போட்டாள். "நாங்க திருடுறோம்ன்றியா? உன் கல்லுக்கு வெலகி வெலகி ரெண்டு வருசமா மாடு ஓட்டுறேன் பாரு, எனக்கு வேணும் இது." மாட்டை வீட்டுப்பக்கம் திருப்பிவிட்டாள்.

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று வீரலட்சுமி கரையிலிருந்த நீர்மருது மரத்தடியில் மறைந்து உட்கார்ந்தாள். உச்சி வெயிலில் வந்தவை இரண்டு அண்டங்காக்கைகள். ஒன்று ஆலாவின் வாலைச் சீண்டித் தன்னை விரட்ட வைத்தது. மற்றது நேராக ஒரு மஞ்சள் கல்லின் மேல் இறங்கியது. இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது, இரண்டடி நடந்து முட்டையை எடுத்தது. அப்புறம் அடுத்த மஞ்சள் கல். தேடவே இல்லை! அவள் எழுந்து கத்திக்கொண்டு தண்ணீரில் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் இரண்டு கூடு காலி.

வால்பக்கம் போய்ப் பார்த்தாள். கல் வைக்காத ஒன்பது கூட்டிலும் முட்டை அப்படியே இருந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, வேலி போட்டவள் அவள். மணலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு இருபத்திரண்டு கல்லையும் பொறுக்கி மடியில் கட்டி ஆழத்தில் போட்டாள்.

கல் போனால் காக்கைக்கு வழி தெரியாது. ஆனால் மாட்டுக்கும் தெரியாது. மிச்சமிருந்த பதினேழு கூடும் இனிமேல் கெம்பம்மா கையில். ஈரப் புடவையோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நான்தான்டி காட்டிக் குடுத்திருக்கேன். காக்கா கல்லப் பாத்துப் பாத்து எடுக்குது. உன்னையப் போய்ச் சொன்னேனே, என் வாயில மண்ணப் போடு."

கெம்பம்மா கன்றுக்குத் தண்ணீர் காட்டி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "கீழ்த்துறையில எறக்கி மாட்டச் சுத்தி ஓட்டிக்கிறேன். ஊர்ல மத்தவங்களுக்கும் சொல்றேன். ஒரு மணி நேரம் கூட ஆவும், ஆவட்டும். ஆனா நீயும் திட்டுல எறங்கக் கூடாது."

"நான் பாக்கத்தானடி வாரேன்?"

"நீ எங்க குனியறேன்னு அது பாக்காதா? கல்லக் கண்டுபுடிச்சதுக்கு உன்னைக் கண்டுபுடிக்க எத்தன நாளாவும்?"

வீரலட்சுமிக்குச் சுருக்கென்றது. சண்டை போடலாம் என்றுதான் வாயெடுத்தாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் புடவையைப் பிழிந்துகொண்டாள்.

மறு ஞாயிறு வனவர் வந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். எந்தத் திட்டிலும் கல் வைக்கவேண்டாம், மாட்டுக்கும் மனுஷருக்கும் துறையை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றாள். சொல்லும்போது காது மடல் சுட்டது.

"சரிம்மா. இப்ப எத்தன மிஞ்சியிருக்குது?"

"போன வாரம் பதினேழு சார். இப்பத் தெரியாது."

"ஒரு நடை போய் எண்ணிட்டு வந்துடலாம்." அவர் குனிந்து பேன்ட்டை மடித்துவிடத் தொடங்கினார்.

வீரலட்சுமி குறுக்கே போய் நின்றாள். திட்டு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கழுத்து பரபரத்தது.

"எறங்காதீங்க சார்."

"பாக்காம எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுங்க சார்" என்றாள். "எனக்கும் தெரியாது."