‘போறேன்’ என்று சொல்லவைத்தவர்

பத்மஜா மேடம் இறந்த செய்தி எனக்குக் கம்பெனி கேன்டீனில் வந்தது. தட்டில் பாதி சாப்பாடு இருந்தது. ஜூஜுவாடியிலிருந்து முனிரத்னா போன் செய்தாள். கை கழுவுவதை நிறுத்த முடியாமல் தோல் உரிந்துபோன நிலையில் மேடத்திடம் வந்து சேர்ந்தவள் அவள். “அக்கா, மேடம் இல்லக்கா. அஞ்செட்டில இருந்து திரும்பி வர்றப்ப காரு பள்ளத்துல எறங்கிடுச்சாம்” என்றாள். “யாருடி சொன்னா? நிச்சயமா தெரியுமா?” என்று கத்தினேன். நான் அப்படிக் கேட்டதைக் கேட்டிருந்தால் மேடம் சிரித்திருப்பார். நான் பாத்ரூமுக்குப் போய் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மேடம் மருந்து எழுதும் டாக்டர் இல்லை, உளவியல் ஆராய்ச்சி செய்தவர். பூட்டிய பூட்டை இழுத்துக்கொண்டே இருப்பவர்கள், கேட்டதையே கேட்பவர்கள், ஓசிடி, அதாவது எண்ணச் சுழற்சி நோய் என்று டாக்டர் சீட்டில் எழுதப்பட்டவர்கள், இவர்களெல்லாம் ‘என்ன ஆகுமோ தெரியாது’ என்பதை ஏன் தாங்க முடியாமல் தவிக்கிறார்கள் என்பதுதான் அவர் படித்த படிப்பு. பாகலூர் ரோட்டில் ஒரு பெயின்ட் கடையின் மாடியில் எங்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசுவார். தெலுங்கு வீட்டுப் பெண், ஓசூரிலேயே பிறந்தவர். கோபம் வந்தால் மட்டும் கன்னடத்தில் திட்டுவார்.

என் கதை வெட்கக்கேடானது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. என் வீட்டுக்காரர் முருகேசன் ஷிப்டுக்குக் கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று சொல்ல வேண்டும். சொல்கிற விதம் எனக்குச் சரியாகப் படவில்லை என்றால், மனிதர் திரும்பி வரமாட்டார் என்று மனசு அடித்துக்கொள்ளும். மறுபடி சொல்லச் சொல்வேன். அதற்கும் மறுபடி. ஒருநாள் கம்பெனி பஸ் பின்னாலேயே நைட்டியோடு ஓடி, அதை நிறுத்தி, ஏறி, அத்தனை பேர் முன்னாலும் அவரைச் சொல்லவைத்தேன். டிரைவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் என்னை அந்த மாடிக்கு அழைத்துப்போனார்.

முதல் நாளே மேடத்திடம் கேட்டேன், “என் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆறுதல் சொல்லக்கூட வக்கில்லாதவருக்கு எதற்கு இந்த நாற்காலி, மேசை எல்லாம் என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். அவர் அசரவில்லை. “ஒண்ணும் ஆகாதுன்னு இன்னிக்கு நான் சொன்னா, நாளைக்கும் வந்து கேப்பே விஜி. உங்க வீட்ல எல்லாரும் அதைத்தான் உனக்கு ஊட்டி ஊட்டி வளத்து வெச்சிருக்காங்க. நான் தரமாட்டேன்” என்றார். நான் கம்பெனியில் கியர் பாகங்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் இன்னொன்றும் சொன்னார்: “ஒரு பீஸ்கூட தப்பா போகக்கூடாதுன்னு கம்பெனி கேக்குது. கியருக்கு அது சரி. புருஷனுக்கும் அதையே கேட்டா யாரு தருவா?”

பிறகு அவர் ஒரு பயிற்சி கொடுத்தார். நம் வீடுகளில் யாராவது ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்களா? கிளம்பினால் அம்மாக்கள் சும்மா விடுவார்களா? மேடம் எங்களை அதைத்தான் சொல்லச் சொன்னார். ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்க வேண்டும். பயம் வரும், வரட்டும். திரும்பி ஓடிவந்து மாற்றிச் சொல்லக்கூடாது. எங்களில் ஒருவர் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கீழே பெயின்ட் கடைக்காரர், “ஏம்மா, வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? ஏவாரம் நடக்கற எடம்மா இது” என்று தலையில் அடித்துக்கொண்டார். பல மாதம் கழித்து என் வீட்டுக்காரர் வாசலில் நின்று ‘போறேன்’ என்றார். நான் அடுப்படியிலிருந்து ‘சரி’ என்றேன். அன்று சாயங்காலம் அவர் வாங்கி வந்த மைசூர்பாகு இன்னும் நாக்கில் இருக்கிறது.

நான் தேறிவிட்டேன் என்ற திமிர்தான் கடைசியாக மேடத்தைப் பார்த்த அன்று என்னைப் பேசவைத்தது. அஞ்செட்டிப் பக்கம் ஒரு குடும்பத்தைப் பார்க்கக் காரில் ஏறப்போனார். கையாட்டி, “வரேன் விஜி” என்றார். “அதெல்லாம் செல்லாது மேடம். எங்கள மட்டும் பாடா படுத்துனீங்கள்ல, நீங்களும் ‘போறேன்’னு சொல்லுங்க பாக்கலாம்” என்று வம்புக்கு இழுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே, “போறேண்டி அம்மா, போறேன்” என்றார்.

மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது வந்து வண்டி பள்ளத்தில் இறங்கியதா, வண்டி இறங்கிய அதிர்ச்சியில் மாரடைப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. காரில் அவர் மட்டும்தான் இருந்தார். ஆனால் எனக்கு மட்டும் தெரியும் என்று என் மனசு சொன்னது. நான் சொல்லவைத்தேன், அவர் போய்விட்டார். மேடம் வருஷக்கணக்காகப் படிப்படியாகக் கட்டியதெல்லாம் ஒரே நாளில் சரிந்தது. மறுநாள் காலையிலேயே என் வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி ‘போயிட்டு வரேன்’ சொல்லவைத்தேன். பஸ் போய்விட்டது. அவர் ஆட்டோ பிடித்துப் போனார். முனிரத்னாவின் கை மறுபடி புண்ணாகிவிட்டது. ஒருவருக்கொருவர் போன் செய்து ‘நம்மாலதானா, இல்லையா’ என்று கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார் என்பது இன்னும் கொடுமை.

எடுத்த மறுநாள் துக்கம் கேட்கப் போனேன். மேடத்தின் கணவர் ஷாமியானாவின் கீழே தனியாக உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் உள்ளே இருந்தார்கள். என்னால் அடக்க முடியவில்லை. “சார், அன்னிக்கு நான்தான் அவங்கள ‘போறேன்’னு சொல்லவெச்சேன். அதனாலதானா சார்? இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க கால்ல விழறேன்” என்றேன்.

அவர் என் பக்கம் ஒரு நாற்காலியைத் தள்ளினார். “இல்லம்மான்னு சொல்றது எனக்குச் சுலபம். சொன்னா அவ என்னை சும்மா விடமாட்டா” என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. “மழை வர்ற மாதிரி இருக்குது, சீக்கிரம் கெளம்பி வான்னு நான்தான் போன் பண்ணேன். அந்த அவசரத்துல வந்தாளோ என்னமோ. எனக்குத் தெரியலம்மா. உனக்கும் தெரியாது.”

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். ‘உங்களால இல்ல சார்’ என்று நான் சொல்ல வேண்டும் என்று அந்த மனிதர் தவித்தது எனக்குப் புரிந்தது. அந்தத் தவிப்பு என்னவென்று என்னைவிட யாருக்குத் தெரியும்? சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லவில்லை. இருவரும் அழுதோம்.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. அங்கே ‘வரேன்’ என்பதும் இல்லை, ‘போறேன்’ என்பதும் இல்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

மேடம், உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அமைதி என்று சொன்னால் அது பொய். என்னிடம் இருப்பது பதில் இல்லாத ஒரு கேள்வியும், அதைக் கேட்காமல் வைத்திருக்க நீங்கள் பழக்கிய கொஞ்சம் பலமும்தான். இன்று காலை என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, நான் சொல்லச் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் போனார். இப்போது ஷிப்ட் முடிந்திருக்கும், இன்னும் வீடு வந்து சேரவில்லை. போன் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் எடுக்கவில்லை.