திங்கட்கிழமை மட்டும் படுக்கும் பேட்டரி

பூங்கோதைக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. நம்பர் கேட்டு இணைத்துவிடும் வேலையல்ல. கெட்டுப்போன லைனைச் சோதித்து, பழுது எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்லும் வேலை. பதினோரு வருஷம் அதே மேஜையில் உட்கார்ந்ததில், ஜனக்புரி வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குணம் அவளை விடவில்லை. பால் திரிந்தால்கூட ஏன் திரிந்தது என்று தெரியாமல் கீழே கொட்டமாட்டாள்.

கணவர் ஜோதிலிங்கம் வங்கி அதிகாரி. எழுபத்தெட்டாம் வருஷம் கரோல் பாக் ஜவுளிக்காரர் ஒருவரிடமிருந்து பழைய ஃபியட் வாங்கினார். இருவரும் அதிலேயே வேலைக்குப் போய்வந்தார்கள். குளிர் தொடங்கியதும் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மேல்வீட்டுப் பூவராகவன் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு இறங்கி வருவார். பால் வாங்கப் போகிறவர்களையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டு தள்ளுவார்.

கார் மிஸ்திரி சர்தார்ஜி பார்த்துவிட்டு, "பேட்டரி கதம்" என்றார். புதுசு போட்டார்கள். ஒரே வாரத்தில் அதுவும் படுத்தது. டைனமோவைக் கழற்றிப் பார்த்தார், அதில் குறையில்லை. கடைசியில், "சர்தி, சாப், சர்தி" என்று குளிரின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பூங்கோதை காலண்டர் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"ஏங்க, இதுவரைக்கும் நாலு தடவை தள்ளினோமே, நாலும் திங்கட்கிழமை."

"அதனால என்ன?"

"குளிர் தினமும்தானே அடிக்குது? பேட்டரிக்குக் கிழமை தெரியுமா?"

ஜோதிலிங்கம் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை நாம வண்டியை எடுக்கறதில்லை," என்றாள். "ஏதோ ஒண்ணு ராத்திரி பகலா கரண்டைக் குடிச்சிட்டே இருக்கு. மத்த நாள்ல ஓடறப்போ டைனமோ அதை நிரப்பிடுது. ஞாயித்துக்கிழமை குடிக்கறது மட்டும்தான், ஊத்தறதுக்கு ஆளில்லை."

அடுத்த ஞாயிறு மதியம், நல்ல வெயிலில் பேட்டரியிலிருந்து ஒரு ஒயரைக் கழற்றினாள். அந்த ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பைச் சேர்த்தாள். வண்டியில் எல்லாம் அணைத்திருந்தும் பல்ப் மங்கலாக எரிந்தது.

"பாத்தீங்களா? கரண்ட் எங்கேயோ போயிட்டிருக்கு."

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கச் சொன்னாள். மூன்றாவதை எடுத்ததும் பல்ப் அணைந்தது. அது ஹாரனுக்கும் உள்விளக்குக்குமான ஃப்யூஸ். ஆனால் பல்ப் எரிந்தபோது ஹாரனும் அடிக்கவில்லை, உள்விளக்கும் எரியவில்லை.

"வேற என்ன இருக்கு இதுல?"

ஜோதிலிங்கம் யோசித்தார். "ஜவுளிக்காரர் டிக்கியில ஒரு லைட் போட்டு வெச்சிருந்தார். சேலைக் கட்டு எடுக்க வசதியா இருக்குமாம். ஆனா அது திறந்தா எரியும், மூடினா அணைஞ்சுடும்."

"மூடினா அணையுதுன்னு யார் உள்ள உக்காந்து பாத்தாங்க?"

ஃப்யூஸையும் ஒயரையும் பழையபடி மாட்டினார்கள். பூங்கோதை டிக்கியிலிருந்த ஜாக்கியையும் சாக்கையும் எடுத்து வெளியே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே ஏறிச் சுருண்டு படுத்தாள். அவர் மனமில்லாமல் மூடினார்.

"எரியுது!" என்று உள்ளிருந்து ஒரு கூவல். "நல்லா பளிச்சுனு எரியுதுங்க!"

"சபாஷ்! சரி, வெளியே வா."

"நீங்க தொறந்தாத்தானே வரமுடியும்?"

"சாவி எங்கே?"

உள்ளே சாவிக்கொத்து கிணுகிணுத்தது. பிறகு, "என் கையில இருக்கு" என்று பதில் வந்தது.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த பூவராகவன், "என்ன சார், டிக்கிகிட்ட பேசிட்டிருக்கீங்க?" என்றார்.

"உள்ள என் வொய்ஃப் இருக்கா சார்!"

பூவராகவன் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். உடைத்துத் திறக்கலாமா, சர்தார்ஜியைக் கூப்பிடலாமா என்று இருவரும் தவித்தார்கள். உள்ளிருந்த குரலில் மட்டும் பதற்றமே இல்லை.

"எதையும் உடைக்காதீங்க. பின்சீட்டுச் சாய்மானத்தை மேலே தூக்கிக் கழட்டுங்க. அதுக்குப் பின்னால வெறும் அட்டைதான்."

கழற்றினார்கள். அட்டையை விலக்கிக்கொண்டு கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று சாவியோடு வெளியே வந்தது. ஜோதிலிங்கத்துக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. பூவராகவன் காரின்மேல் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வெளியே வந்தவள் தலைமுடியைக்கூட ஒதுக்கவில்லை. டிக்கி மூடியைத்தான் முதலில் தடவிப் பார்த்தாள். மூடும்போது ஸ்விட்சை அமுக்கி விளக்கை அணைக்க வேண்டிய ரப்பர் துண்டு எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. பழைய ஹவாய் செருப்பில் ஒரு துண்டு வெட்டி அந்த இடத்தில் ஒட்டினாள். மூடியை மெதுவாக இறக்கினாள். இடுக்கு வழியாகப் பார்த்தபோது, மூடுவதற்கு முன்பே விளக்கு அணைந்தது.

திங்கட்கிழமை வண்டி முதல் திருப்பிலேயே உறுமியது. விஷயம் காலனி முழுக்கப் பரவி, ஒரு மாதத்துக்குள் இரண்டு ஸ்கூட்டர்களும் ஒரு ரேடியோவும் அவளிடம் வைத்தியத்துக்கு வந்தன. ரேடியோ மட்டும் பிழைக்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் வண்டி ஓட்டத் தெரியவில்லையே என்று அவளுக்கு உறுத்தியது. மார்ச் மாதம் லைசென்ஸ் வாங்கினாள். அதன்பிறகு காலையில் ஃபியட்டை அவள்தான் ஓட்டினாள். ஜோதிலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்தார்.