வரதன் அழித்த வீடியோ

வரதன் என் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கூரை மூலையில் இருக்கும் கேமராவைத்தான் பார்ப்பார். அது வேலை செய்து மூன்று வருடம் ஆகிறது என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். "வேல செய்யாததுக்கு இன்னாத்துக்கும்மா வயர் மாட்டி வெச்சிருக்கே?" என்று கேட்டுவிட்டு, அதன் பார்வை படாத இடமாகத் தேடி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

நான் ஹேமாவதி. பழவேற்காடு பஜாரில் பதினோரு வருடமாக செல்போன் ரிப்பேர் கடை நடத்துகிறேன். சந்தேகப் பிராணிகள் நிறையப் பேரைப் பார்த்தாயிற்று. லைட்ஹவுஸ் குப்பத்து வரதனுக்கு அவர்களில் ஒருவரும் ஈடாக மாட்டார்கள். போனின் முன்பக்கக் கேமராவில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டியிருப்பார். மனைவி லோகநாயகியின் நம்பரை 'ஐஸ் கம்பெனி' என்று பதிந்து வைத்திருக்கிறார். போன் தொலைந்தால், எடுத்தவன் குடும்பத்தை மிரட்டக்கூடாதாம். உண்மையான ஐஸ் கம்பெனியின் பெயர் அந்தப் போனில் 'பெரியம்மா'.

இத்தனைக்கும் ஒரு காரணம் உண்டு. கடலில் அவருக்கு ஒரு கல்லு இருந்தது. அடியில் பாறை கிடக்கும் இடத்தைக் குப்பத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே வலை போட்டால் கிழிந்துவிடும். தூண்டில் போட்டால் வஞ்சிரமும் பாறை மீனும் தாராளமாக ஏறும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் வரதனும் அவருடைய மச்சான் தினகரனும் வலையைக் கிழித்துக்கொண்டபோது கண்டுபிடித்த கல்லு அது. தினகரன், லோகநாயகியின் தம்பி. ஒரே பைபர் படகில் இருவரும் பன்னிரண்டு வருடமாகக் கடலுக்குப் போய்வந்தார்கள். கல்லு கிடக்கும் இடம் அந்த இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

மற்ற படகுக்காரர்கள் இப்படிப்பட்ட இடங்களை ஜிபிஎஸ் மிஷினில் குறித்து வைப்பார்கள். வரதன் அதைத் தொடவே மாட்டார். "மிஷின்ல போட்டா மிஷின எடுத்தவனுக்குத் தெரிஞ்சிடும்" என்பார். அவருக்குக் கரையே மிஷின். கடலிலிருந்து மேற்கே பார்த்தால் லைட்ஹவுஸுக்கு நேர் பின்னால் தண்ணி டேங்க் மறைய வேண்டும். தெற்கே திரும்பினால் சவுக்குத் தோப்பின் ஓரமும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியும் ஒரே கோட்டில் வர வேண்டும். இந்த இரண்டு கோடும் சேரும் இடத்தில் நங்கூரம் போட்டால் கீழே கல்லு. கடலில் போகிற எவனுக்கும் இந்தக் கணக்கு தெரியும். எதற்குப் பின்னால் எது என்பதுதான் ரகசியம்.

போன ஆவணியில் ஒருநாள் அங்கே அவர்களுக்குப் பதினேழு வஞ்சிரம் ஏறியது. ஒவ்வொன்றும் கை நீளத்துக்கு மேல். அதற்கு முந்தைய வாரம்தான் குப்பத்துப் பையன்கள், 'வரதன் படகு காத்து வாங்கப் போகுது' என்று கிண்டல் செய்திருந்தார்கள். ரோஷம் வந்துவிட்டது மனிதருக்கு. போனை எடுத்து மீனையும், மீனைப் பிடித்தபடி சிரிக்கும் தினகரனையும், சுற்றிலும் இருக்கும் கடலையும் ஒரு வட்டம் அடித்து வீடியோ எடுத்தார். சாயங்காலம் அதை வீடியோ ஆப் ஒன்றில் ஏற்றினார். ஆப்பில் அவருக்கு ஐடி திறந்து கொடுத்தவள் நான்தான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

குப்பத்தில் சிக்னல் சவலைப் பிள்ளை. ஒரு மணி நேரம் சக்கரம் சுற்றிச் சுற்றித்தான் வீடியோ ஏறியது. ஏறியதும், யாராவது போனைத் திருடிப் பார்த்துவிடுவார்கள் என்று கேலரியில் இருந்ததை அழித்துவிட்டார். பிறகு ஆப்பில் போட்டுப் பார்த்தார். லோகநாயகியின் போனிலும் பார்த்தார். மீன்கள் ஏதோ மீன் போலத் தெரிந்தன. கரை இருந்த பக்கம் வெறும் சாம்பல் நிற மூட்டம். "ஒண்ணியும் தெரியல, நல்லதாப் போச்சு" என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

மறுநாள் தூண்டில் முள் வாங்கப் பொன்னேரிக்குப் போயிருந்த தினகரன் அங்கிருந்து போன் செய்தான். "மாமா, அந்த வீடியோவ எடுத்துடு."

"இன்னாத்துக்கு?"

"போன்ல வேணாம். எடுத்துடு."

கல்லைப் பற்றிப் போனில் பேசக்கூடாது என்பது வரதன் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் அவன் காப்பாற்றினான். வரதனுக்கோ அதுவே உறுத்தியது. நானூறு பேர் லைக் போட்டிருக்கிறார்கள், பார்த்து இவனுக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்தார். தினகரன் வீட்டுக்கு வந்து பேச்சை எடுத்தபோதும், "நீ எனக்கு புத்தி சொல்றியா?" என்று வாயை அடைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று சந்தேகம் வந்து அவராகவே அழித்தார்.

ஐந்தாம் நாள் கல்லின் மேல் ஆறு படகுகள் நின்றன. எல்லாம் தெற்கேயிருந்து வந்த வெளியூர்ப் படகுகள். லைட்ஹவுஸுக்கும் டேங்குக்கும் நேராக, அளந்து வைத்தது போல நின்றன.

வரதன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். தான் சொல்லவில்லை. மிச்சம் இருப்பது ஒருவன். அன்றைக்கே ஊர்ப் பஞ்சாயத்தில் பிராது கொடுத்துவிட்டார். குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஊர்க் கல்லை வெளியூர்க்காரனுக்குக் காட்டிக் கொடுத்தவன் ஒரு மாதம் கடலில் இறங்கக்கூடாது. அவன் வீட்டுக்கு வேறு படகு மீனும் கொடுக்காது.

தினகரன் எதுவும் சொல்லாமல் நின்றானாம். ஊர்த் தலைவரான நாட்டார், அம்மன் கோயில் வாசலில் சூடம் ஏற்றச் சொன்னார். எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் ஊர் பேசாது. 'நான் காட்டிக் கொடுக்கல' என்று சொன்னால் போதும் என்றார் நாட்டார். வரதன் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படிச் சொன்னால் தப்பித்துக்கொள்ளலாமாம். வேறு ஆளை விட்டுக் காட்டியிருக்கலாமாம். "கல்லு எப்டி வெளிய போச்சுன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லி அணைக்கட்டும்" என்றார்.

தினகரன் சூடத்துக்கு மேல் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு இறக்கிக்கொண்டான். "முடியாது மாமா" என்றான். இவ்வளவுதான் பேசினான். ஊரே த்சொ என்றது. ஒரு மாதம் என்று தீர்ப்பானது.

லோகநாயகி அன்றிலிருந்து புருஷனுக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை. தம்பி வீட்டுக்குக் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தெரு நடுவே போய்வந்தாள். யாராவது பார்க்கட்டும் என்றே போனாள்.

பன்னிரண்டாம் நாள் வரதன் என் கடைக்கு வந்தார். கையில் லோகநாயகியின் போன். கேமராவைக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு கோபம்.

"நான் அழிச்சது எப்டிம்மா திரும்பி வந்துச்சு? அந்தத் தினகரன் என் போன்லேர்ந்து திருடி வெச்சிருக்கான். இப்ப ஊரெல்லாம் அனுப்பறான்."

வாங்கிப் பார்த்தேன். பொன்னேரியில் இருக்கும் உறவுக்காரப் பெண் கீதா, 'மாமா மீன் சூப்பர்' என்று எழுதி அந்த வீடியோவை லோகநாயகிக்கு அனுப்பியிருந்தாள். இன்னும் டவுன்லோடு ஆகவில்லை. கலங்கலான படத்தின் மேல் ஓர் அம்புக்குறி மட்டும் நின்றது.

"யாரும் திருடல வரதண்ணா. நீங்க அழிச்சது உங்க பேர்ல இருந்தத மட்டும்தான். அதுக்குள்ள பார்த்தவங்க எடுத்து வெச்சிக்கினா, அது அவங்க போன்ல இருக்கும். அத ஆப்காரனாலகூட அழிக்க முடியாது."

"இருக்கட்டும். அதான் ஒண்ணியும் தெரியலியே. வெறும் மூட்டம்."

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. இந்த மனிதர் தன் வீட்டில் தெரிந்ததுதான் உலகத்துக்கும் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மெதுவாகச் சொன்னேன். ஏலத்துக்கு முன்னால் இறாலைப் பெரிசு, நடுத்தரம், பொடி என்று தரம் பிரிக்கிறோம் இல்லையா, ஏற்றுகிற ஒவ்வொரு வீடியோவையும் ஆப்காரன் அப்படித்தான் செய்கிறான். தெளிவாக ஒன்று, சுமாராக ஒன்று, கலங்கலாக ஒன்று என்று நாலைந்து தினுசு தயாராக வைத்துக்கொள்கிறான். ஒவ்வொன்றையும் சில நொடித் துண்டுகளாக நறுக்கி வைக்கிறான். நிறையப் பேர் பார்க்கிற வீடியோ என்றால் பார்க்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே நகல் வைத்துக்கொள்கிறான். பார்க்கிறவன் சிக்னல் எப்படியோ அப்படி ஒரு தினுசை அனுப்புகிறான். நோஞ்சான் சிக்னலுக்குப் பொடி. நல்ல சிக்னலுக்குப் பெரிசு.

"எங்களுக்குப் பொடியா அனுப்பிச்சிட்டான்னு சொல்றியா?"

"உங்க குப்பத்துக்குப் பொடிதான் போய்ச் சேரும். பொன்னேரியில பெரிசாவே கிடைக்கும். கீதா எடுத்து வெச்சது அதான்."

அவர் நம்பவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நானும் தினகரனோடு கூட்டுச் சேர்ந்துவிட்டேன் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. எனக்கும் கோபம் வந்தது. பேசாமல் போனைக் கடை வைஃபையில் போட்டு, அந்த அம்புக்குறியை அமுக்கினேன்.

கலங்கல் நீங்கியது. தினகரனின் சிரிப்பு, வஞ்சிரத்தின் முதுகில் நெளியும் வரி, அதன் கண். போன் மெல்லச் சுற்றியது. லைட்ஹவுஸ் வந்தது. அதன் பின்னால் தண்ணி டேங்க் ஒளிந்திருந்தது, விளிம்புகூட வெளியே தெரியவில்லை. இன்னும் சுற்றியது. சவுக்குத் தோப்பின் ஓரம். அதன் மேல் நேராக ஏறி நிற்கும் புகைபோக்கி.

வரதன் இரண்டாம் முறை போடச் சொன்னார். மூன்றாம் முறை நான் போடுவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். கடலில் முப்பது வருடம் பார்த்த கண்ணுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

தன் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு, என் எதிரிலேயே தினகரனைக் கூப்பிட்டார்.

"மச்சான், கல்லப் பத்திப் பேசணும்."

"போன்ல வேணாம் மாமா."

"பரவால்ல, பேசு. பொன்னேரியில அந்த வீடியோவத் தெளிவாப் பாத்தியா?"

"பாத்தேன். ரயில் ஸ்டேஷன்ல."

"அப்ப ஏன்டா பஞ்சாயத்துல வாயத் தொறக்கல?"

"தொறந்தா உன்னிய நிறுத்தியிருப்பாங்க. அக்கா வூட்ல உலை ஏறாது. நான் ஒண்டிக்கட்ட, ஒரு மாசம் ஓட்டிடுவேன்."

"சூடத்தயாவது அணைச்சிருக்கலாமே. ரெண்டு பேரும் தப்பிச்சிருப்போமே."

"எப்டி வெளிய போச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னு இல்ல சொல்லச் சொன்னே? எனக்குத்தான் தெரியுமே மாமா. அம்மன் வாசல்ல நின்னு எப்டிப் பொய் சொல்றது?"

வரதன் பிளாஸ்திரி ஒட்டிய போனை மேசையில் வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நாளைக்கே நாட்டாரிடம் போய் உண்மையைச் சொல்வதாகவும், தான் கரையில் உட்காருவதாகவும், தினகரன் படகை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றும் சொன்னார்.

"வூட்டுக்கு வரேன் மாமா" என்றான் தினகரன். "அக்கா கையால சோறும் துன்றேன். படகுக்கு மட்டும் வரமாட்டேன். ராவும் பகலும் ஒன்னாக் கெடந்த எடம் அது. அங்க உக்காந்துனு இனிமே ஒரு மீன் கம்மியா ஏறினாலும், நீ என் மூஞ்சியப் பாப்பே."

அவன்தான் போனை வைத்தான்.

வரதன் கிளம்பும்போது அந்த வீடியோவைத் தன் போனில் ஏற்றிக் கொடுக்கச் சொன்னார், தெளிவான தினுசாக. நாட்டாருக்குக் காட்ட வேண்டும் என்றார். காட்டினார். அவருக்கு முழுசாக ஒரு மாதம் கொடுத்தார்கள். தினகரன் இப்போது வேறு படகில் போகிறான். பஞ்சாயத்து முடிந்த பிறகும் வரதன் அந்த வீடியோவை அழிக்கவில்லை. கடைக்கு வந்தால் சத்தத்தைக் குறைத்துப் போட்டுப் பார்க்கிறார். லைட்ஹவுஸ் வருவதற்கு முன்னால், தினகரன் சிரிக்கும் இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்.